உரம் போட்டும் காய்க்காத மிளகாய்ச் செடி: குறை மண்ணில் இல்லை

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். வடக்குப் பார்த்த பால்கனியில் ஆறு தொட்டிகள் வைத்திருக்கிறேன். சித்திரையில் நட்ட மிளகாயும் கத்தரியும் ஆனி, ஆடியில் நன்றாகக் காய்த்தன. ஆவணியில் புது நாற்று நட்டேன். அவை நெடுநெடுவென வளர்ந்து, வெளிறிப்போய், பூக்கிற நாலு பூவையும் உதிர்த்துவிடுகின்றன. மண்புழு உரமும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் வாரந்தோறும் கொடுக்கிறேன். புறாத் தொல்லைக்காகப் பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறேன். இப்போது ஐப்பசியும் முடியப் போகிறது. எப்சம் உப்பு போடலாமா? வேறு என்ன சத்து தேவை?

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். எப்சம் உப்பும் வேண்டாம். உங்கள் செடிகள் பசியோடு இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பசி உரத்தால் தீராது.

உரத்தைச் ‘செடிக்குச் சாப்பாடு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தொட்டிச் செடிகள் பலவற்றை வீணாக்குவது இந்தச் சொல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செடியின் சாப்பாடு சர்க்கரை. அது மண்ணில் இல்லை, இலையில் உருவாகிறது. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, அதில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை சுமார் 75 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அத்தனையும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதி உண்மை. மீதி காற்றிலிருந்து வந்தது. 1779இல் இங்கன்ஹவுஸ் என்ற விஞ்ஞானி இன்னொன்றைக் கண்டு சொன்னார்: கெட்ட காற்றைச் செடி நல்ல காற்றாக்கும் வேலை வெளிச்சத்தில்தான் நடக்கிறது, அதுவும் பச்சையான பாகங்களில் மட்டும்.

உங்கள் மிளகாய் இலைக்குள் நடப்பது இதுதான். பச்சையம் சூரிய ஒளியைப் பிடிக்கிறது. அந்த ஆற்றல் தண்ணீரைப் பிளக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அப்படித்தான் வெளியேறுகிறது. இதில் சேமித்த ஆற்றலைக் கொண்டு, இலைத்துளை வழியே நுழைந்த கரியமில வாயுவைச் செடி சர்க்கரையாகக் கட்டுகிறது. காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான். அந்தச் சொற்பத்திலிருந்துதான் தண்டு, வேர், காய் எல்லாம் உருவாகின்றன. உலர்ந்த செடியின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மண்ணிலிருந்து வரும் தாதுக்களின் பங்கு மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்கு தேவையில்லை என்று சொல்லவில்லை. பச்சையத்தின் நடுவில் இருப்பதே மக்னீசியம்தான். மக்னீசியம் அடங்கிய எப்சம் உப்பைப் பலரும் பரிந்துரைப்பது அதனால்தான். ஆனால் மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். உங்கள் செடி முழுவதும் வெளிறி, நீண்டிருக்கிறது. அது ஒளியைத் தேடி நீளும் செடி.

அப்படியானால் சித்திரையில் நட்டது எப்படிக் காய்த்தது? உங்கள் கேள்வியிலேயே என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுதான். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போகிறது; ஆகஸ்ட் நடுவில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பால்கனியிலும் காலையும் மாலையும் சாய்வெயில் விழும். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு நேர் வெயில் ஒரு துளியும் விழாது. ஆவணியில் நீங்கள் நாற்று நட்டபோதே வெயில் விடைபெறத் தொடங்கிவிட்டது. மண்ணும் நீங்களும் அப்படியேதான் இருந்தீர்கள்; மாறியது சூரியனின் பாதை.

‘ஆனாலும் பால்கனி வெளிச்சமாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். நம் கண் இதில் நம்மை ஏமாற்றிவிடும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நடுப்பகல் நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். நிழலான பால்கனியில் சில ஆயிரம் லக்ஸ் இருந்தாலே அதிகம். கண்மணி விரிந்து சுருங்கி இரண்டையும் நமக்குச் சமமாகக் காட்டிவிடுகிறது. இலைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு மேல் நிழல்வலை வேறு. 50 சதவீத வலை என்றால் வருகிற கொஞ்சத்திலும் பாதியைப் பறித்துவிடும். செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது, அதற்கும் சர்க்கரை செலவாகிறது. வரவு செலவுக்கே சரியாக இருக்கும் நிலையில் காய் வளர்க்க அதனிடம் எதுவும் மிஞ்சாது. ஆகவே பூவை உதிர்க்கிறது. இந்த நேரத்தில் தழைச்சத்தை ஊற்றினால் தண்டு இன்னும் மெலிந்து நீண்டு, அசுவினிப் பூச்சியைத்தான் வரவேற்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பகலில் தொட்டிக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிந்தால் அது காய்க்கும் செடிக்கான இடம். மங்கலாக ஒரு கறை மட்டும் விழுந்தால் மிளகாய்க்கு அங்கே வேலை இல்லை.

முடிந்தால் தொட்டிகளை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். ஆறு மணி நேர வெயில் கிடைத்தால் போதும். காலை வெயில் மிக நல்லது. உச்சி வெயிலின் முழு ஒளியையும் மிளகாய் இலையால் பயன்படுத்த முடியாது. நிழலில் விளைந்த இலை திடீர் வெயிலில் கருகும் என்பதால், முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்குங்கள். புறாவுக்கு நிழல்வலை தேவையில்லை, மெல்லிய நிறமற்ற நைலான் வலை போதும். இலையில் படிந்த தூசியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். பால்கனியிலேயே இருக்கும் தொட்டிகளுக்கு நீரைப் பாதியாகக் குறையுங்கள். ஒளி குறைந்தால் செடி உறிஞ்சுவதும் குறையும். மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகிவிடும்.

பால்கனி காலியாகிவிடுமே என்று வருந்த வேண்டாம். வெற்றிலையை நம் கொடிக்கால்களில் அகத்தி நிழலில்தான் வளர்க்கிறார்கள். உங்கள் வடக்குப் பால்கனி அதற்குப் பிடிக்கும். வல்லாரையும் புதினாவும் அங்கே வரும். ஆனால் முளைக்கீரை வேண்டாம். ‘கீரைதானே, எங்கும் வளரும்’ என்று சொல்வார்கள். அது சோளம், கரும்பு போல வெயிலை விரும்பி உண்ணும் வகை. நிழலில் நோஞ்சானாகவே நிற்கும்.

மிளகாயை அதே பால்கனியில்தான் வளர்க்க வேண்டும் என்றால் மாசிக் கடைசியில் விதையுங்கள். பங்குனியில் காலை வெயில் மெல்லத் திரும்பத் தொடங்கும். நாற்பது நாள் நாற்றைப் பிடுங்கித் தொட்டியில் நடும்போது சித்திரை பத்து ஆகியிருக்கும், சூரியனும் உங்கள் பக்கம் வந்திருக்கும்.