பூசுவதற்கு முன் முட்டுக் கொடுங்கள்

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிகுடியில் கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். வீடு அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. சுனாமிக்குப் பிறகு 2007இல் கட்டியது. ஆறு அங்குலக் கல், மேலே அஸ்பெஸ்டஸ் சீற்று. இவர் ஆறு வருடம் கட்டாரில் பூச்சு வேலை செய்துவிட்டுச் சித்திரையில் வந்தார். ஹோல் சின்னனாக இருக்கிறது என்று சொல்லி, ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த சுவரில் பத்தடியை வீடியோ பார்த்து அவரே உடைத்துவிட்டார். மறுகா பின்பக்கம் பாத்றூம் ஒன்றும் கட்டினார். அதற்கு மேலே கொங்கிறீட் தட்டுப் போட ஆற்று மண் விலை என்று கடற்கரை மண்ணை அள்ளி வந்தார். ஐந்தாம் நாளே பலகையைக் கழற்றியாயிற்று. கீழே இருந்து பார்த்தால் கம்பி தெரிகிறது, மண்ணிறமாகக் கறையும் இறங்குகிறது. பாத்றூம் தண்ணீர் குசினிப் பக்கம் வருகிறது. மலகூடக் குழி கிணற்றிலிருந்து 18 அடி. இப்போது உடைத்த சுவரின் மேல் மூலையிலிருந்து படி படியாக ஒரு வெடிப்பு ஏறுகிறது, பக்கத்து அறைக் கதவும் இறுகிவிட்டது. “பூசி வெள்ளையடிச்சா ஒண்டும் தெரியாது” என்கிறார். பிள்ளைகள் ஹோலில்தான் படுக்கிறார்கள். அம்மா கேட்டால் இவருக்குக் கோபம் வருகிறது. நான் என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, முதலில் இன்று இரவுக்கானதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பாயை ஹோலிலிருந்து எடுத்து, அந்தச் சுவருக்குத் தள்ளி இருக்கும் அறையில் போடுங்கள். இறுகிய கதவு இருக்கும் அறையிலும் யாரும் படுக்க வேண்டாம். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நாற்பது வருடம் தொழினுட்ப உத்தியோகத்தராக இந்த மாவட்டத்து வீடுகளைப் பார்த்தவன் நான். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி அந்தக் கதவைப் பற்றியதுதான். பூச்சில் மட்டும் வருகிற வெடிப்பு மயிர்க்கோடு போல நாலு பக்கமும் ஓடும், கதவை இறுக்காது. கதவு இறுகுகிறது என்றால் நிலையின் சதுரம் மாறியிருக்கிறது. அதாவது சுவர் அசைந்திருக்கிறது.

அது ஏன் என்று உங்களுக்கும் அவருக்கும் விளங்க வேண்டும். கூரையின் பாரம் தீராந்தி, வளை வழியாகச் சுவருக்கு வந்து, சுவர் வழியாக அத்திவாரத்துக்கு இறங்குகிறது. நடுவில் பத்தடியை எடுத்தால் அந்தப் பாரம் எங்கும் போய்விடாது. எஞ்சிய இரண்டு ஓரத்துக்கும் சாய்ந்து போகும். சாய்ந்து போகும் வழியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் வெடிப்பு நேர்கோடாக வராமல் படி போல ஏறுகிறது. சுனாமிக்குப் பிறகு கட்டிய பல வீடுகளில் கதவு, ஜன்னல்களுக்கு மேலே சுற்றிவர ஒரு கொங்கிறீட் பட்டி இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதை நம்பித்தான் அவர் உடைத்தார் என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பட்டி மூன்று, நான்கு அடிக் கதவு வாசலுக்கு அளவாகக் கம்பி வைத்துப் போட்டது. பத்தடிக்கு அது பீம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. சுவர் கூரையைத் தாங்குவது மட்டும் இல்லை, காற்றில் அதைப் பிடித்தும் வைத்திருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். எங்கள் பக்கத்தில் சுவர் நிற்க, சீற்று மட்டும் கிளம்பிப் பறந்த வீடுகளைக் கண்ணால் கண்டேன். மரம் சுவரோடு சரியாகக் கட்டப்படாத வீடுகள் அவை. உங்கள் வீட்டில் மரத்தைக் கட்டியிருந்த சுவரிலேயே பத்தடி போய்விட்டது. வாடைக் காற்று தொடங்க முதல் இதை முடித்தாக வேண்டும்.

நாளைக்கே செய்ய வேண்டியது முட்டுக் கொடுப்பது. கட்டிட வேலைச் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் தட்டுப் போடப் பயன்படுத்தும் இரும்பு முட்டு கிடைக்கும். உடைத்த இடத்தின் மேலே எஞ்சியிருக்கும் சுவருக்கு இரு பக்கமும், கூரை மரத்துக்குக் கீழே நீளமாக ஒரு கனத்த மரத்தைக் கொடுத்து, அதை இந்த முட்டுகளால் தாங்க வேண்டும். முட்டின் கால் நேரே தரையில் நிற்கக் கூடாது. நம்முடைய மணல் நிலத்தில் வீட்டுத் தரை பெரும்பாலும் மெல்லிய கொங்கிறீட்தான், முட்டு அதைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். கீழே அகலமான பலகை போடுங்கள். முட்டு மேல் மரத்தைத் தொட்டுப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பழைய இடத்துக்குத் தூக்கிவிடலாம் என்று முறுக்கப் போனால் வெடிப்பு வேறு பக்கத்தால் திறக்கும். இதை அவரும் இரண்டு ஆட்களும் செய்யலாம், ஆனால் கட்டிட வேலை தெரிந்த ஒரு பொறியியலாளரோ தொழினுட்ப உத்தியோகத்தரோ பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். சீற்றை எங்கும் அரக்கவோ கிரைண்டர் வைத்து வெட்டவோ வேண்டாம். அஸ்பெஸ்டஸ் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. கழற்ற வேண்டி வந்தால் நனைத்து, முழுசாகக் கழற்றுங்கள்.

முட்டுக் கொடுத்த பிறகு வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். அகலமான இடத்தில் அடிமட்டம் வைத்து அளந்து அதையும் எழுதுங்கள். கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டினால் சுவர் இன்னும் நகர்கிறது. இப்போதே பூசி மறைத்தால் இந்தச் செய்தி உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

அப்புறம் என்ன செய்வது? இரண்டு வழி இருக்கிறது. பத்தடித் திறப்பு வேண்டும் என்றால் இரு ஓரமும் அத்திவாரத்திலிருந்தே தூண் எழுப்பி, மேலே கணக்குப் பார்த்த பீம் போட வேண்டும். எத்தனை கம்பி, எவ்வளவு உயரம் என்பதை வந்து பார்த்த பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும், நான் பத்திரிகையில் எழுத முடியாது. மற்ற வழி, சுவரைத் திரும்பக் கட்டி, நடுவில் நாலடித் திறப்பு விட்டு, அதற்கு மேலே லிண்டல் என்கிற சின்ன பீம் போடுவது. லிண்டல் இரு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலம், முடிந்தால் ஒன்பது அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். நாலடி வாசலில் குசினியிலிருந்து ஹோலைப் பார்க்கலாம், காற்று வரும், பிள்ளைகள் ஓடித் திரியலாம். அந்தச் சுவரோடு போன மின்சார வயரை எப்படி முடிந்து வைத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ரேப் சுற்றி விட்டிருந்தால் அதையும் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவர் பார்க்கட்டும், ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாத்றூம் தட்டைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் இதே பிழை என் சொந்த வீட்டில் நடந்தது. 1991இல், வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான். மண் ஏற்ற வாகனம் இல்லாத காலம். ஜன்னலுக்கு மேலே நீட்டிய கொங்கிறீட் தட்டுக்குக் கரை மண் கொண்டுவந்தார்கள், நானும் சரி என்றேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் அதிலிருந்து பெரிய துண்டொன்று விழுந்தது. அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்புதான் என் மகள் அந்த இடத்தில் இருந்து மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் மாங்காயைப் பார்த்தால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

கடல் மண்ணிலுள்ள உப்பு கம்பியைத் துருவாக்குகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அது உள்ளே வீங்கி, கொங்கிறீட்டை வெளியே தள்ளிப் பிளக்கிறது. நீங்கள் பார்க்கும் மண்ணிறக் கறை அந்தத் துருவின் தொடக்கம். உங்கள் தட்டில் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது, அதனால் மறைக்கக் கொங்கிறீட்டே இல்லை. கம்பிக்குக் கீழே குறைந்தது ஒரு அங்குலமாவது கொங்கிறீட் இருக்க வேண்டும், கடற்காற்றுப் படும் இடத்தில் அதற்கும் மேலே. அதற்குத்தான் சின்னச் சீமெந்துக் கட்டி செய்து கம்பிக்குக் கீழே வைக்கிறார்கள். உள்ளே கலந்துவிட்ட உப்பைக் கழுவி எடுக்க வழியில்லை. தண்ணீர் புகாத பெயின்ற் அடித்தாலும் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் அந்தத் தட்டை இறக்கிவிடுங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அவர் வெயிலில் நின்று சுமந்து போட்டது. ஆனால் பாத்றூம் சின்னது, இப்போது இறக்கினால் நட்டமும் சின்னது. மேலே அமானோ தகரச் சீற்றைச் சரிவாகப் போட்டு போல்ற் இறுக்கினால் போதும். தட்டுத்தான் வேண்டும் என்று நின்றால் ஆற்று மண், குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர், ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மண், நாலு பங்கு முக்கால் அங்குலக் கல். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 25 லீற்றர் தண்ணீருக்கு மேல் ஊற்றக் கூடாது. கலவை இலகுவாக ஓட வேண்டும் என்று தண்ணீர் கூட்டுவதுதான் நம் ஊரில் எங்கும் நடக்கும் கேடு. ஏழு நாளாவது ஈரம் காயாமல் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். பலகையும் முட்டும் 14 நாளுக்கு முன் கழற்றவே கூடாது. கரையில் மண் அள்ளுவதற்கு 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். நம் கரையைக் கடல் தின்பதை நாம்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாத்றூம் தண்ணீர் குசினிப் பக்கம் வருவது தரை வாட்டத்தால், அதைத் திருத்துவது சின்ன வேலை. தட்டை இறக்கும்போதே தரையில் பதித்த ஓடுகளையும் உடைத்து, தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கித் தரையைச் சரித்துத் திரும்பப் போடுங்கள். வாளியால் ஊற்றிப் பார்த்த பிறகு ஓடு பதியுங்கள்.

குழிதான் உங்கள் கடிதத்தில் சாதாரணமாக ஒரு வரியில் வந்துபோகிறது. எனக்கு அது சுவருக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. களிமண் என்றால் கழிவு மெல்லப் போகும், நம் மணலில் விரைந்து ஓடும். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். இடைவெளி குறைந்தது 50 அடியாவது வேண்டும். இன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்க வேண்டாம், பிள்ளைகள் வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். பழைய மலகூடம் இருந்தால் அதைப் பாவியுங்கள், புதியதை மூடி வையுங்கள். வளவின் தூர மூலையில், அடியும் பக்கமும் கொங்கிறீட் போட்ட தொட்டி ஒன்று கட்டி, அதிலிருந்து வெளியேறும் நீருக்கு மட்டும் குழி விட வேண்டும். அந்த மூலைக்குப் பக்கத்து வளவுக் கிணறு எவ்வளவு தூரம் என்றும் அளந்து பாருங்கள், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளவு சின்னது, 50 அடி கிடைக்காது என்றால் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீருக்கு மாறுவதைத் தவிர வேறு பேச்சில்லை.

இந்த வேலைகளுக்குப் பிரதேச சபையில் அனுமதி எடுத்தீர்களா என்று கேட்கத் தேவையில்லை, எடுத்திருந்தால் குழி அந்த இடத்தில் வந்திருக்காது. புதிதாகக் கட்ட மட்டும் இல்லை, இருக்கும் வீட்டை மாற்றவும் அனுமதி வேண்டும். 1915ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம் இது. அடுத்த வேலைக்காவது படம் கீறிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வளவு உங்கள் பெயரில் என்றபடியால் கையெழுத்தும் உங்களுடையதுதான்.

இனி அவர். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு எழுதப்படுகிறது, ஆண் வந்து சேர்கிறான். ஆறு வருடம் வேறு தேசத்தில் வேறு ஆட்களின் சுவரைப் பூசிய ஒருவர், வந்தவுடன் இந்த வீட்டில் தன் கையால் ஒன்று செய்து காட்ட விரும்பியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. மாமியின் கேள்வி அந்த இடத்தில்தான் சுடுகிறது. அதனால் அம்மா இருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். “நீங்கள் செய்தது பிழை” என்றும் தொடங்காதீர்கள். “பிள்ளையள் அந்த ஹோலில படுக்க எனக்குப் பயமா இருக்கு, நீங்க வந்து இந்தக் கோட்டைப் பாருங்க” என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். வேலை தெரிந்த மனிசன், கைக்கு விளங்கும். முட்டு எடுத்து வரவும், பொறியியலாளரைக் கூட்டி வரவும் அவரையே அனுப்புங்கள். கடைசியில் சுவர் நிமிர்ந்து, வெடிப்பு நின்ற பிறகு பூச வேண்டி வரும். அந்தப் பூச்சை அவரைவிட நன்றாக உங்கள் தெருவில் யாரும் பூசமாட்டார்கள், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஒளிக்க வேண்டாம். முட்டு நிற்பதை எப்படியும் காண்பார். அவர் கேட்க முதல், இருவரும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.

முட்டுக் கொடுத்து இரண்டு கிழமை கழித்து, வெடிப்பு பென்சில் கோட்டைத் தாண்டியதா என்பதையும் அதன் அகலத்தையும் திகதியோடு எனக்கு எழுதுங்கள். சுவரை ஹோல் பக்கத்தாலும் குசினிப் பக்கத்தாலும் படம் எடுத்து வையுங்கள், கூரை மரம் தெரிய வேண்டும்.