ஆறு மாதமா, ஆறு வருடமா?

கேள்வி: என் கணவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வருடங்களாகப் பிரீமியம் தவறாமல் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்ற தைரியத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டினோம். எங்கள் நான்கு மாத வருமானம் அது. இப்போது க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். ஆறு வருடங்களாக இருந்த உயர் ரத்த அழுத்தத்தைப் பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டோம் என்கிறது கடிதம். அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதே ஆறு மாதங்களுக்கு முன்புதான் தெரியவந்தது. ஏஜென்ட், "விட்டுவிடுங்கள், அவர்களோடு மோத முடியாது" என்கிறார். என் தம்பியோ, "நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம்" என்கிறான். என்ன செய்வது?

பதில்: ஏஜென்ட் சொல்வதைக் கேட்க வேண்டாம். தம்பி சொல்வதை இப்போதைக்குக் கேட்க வேண்டாம். அந்த "ஆறு வருடம்" எங்கிருந்து முளைத்தது என்று முதலில் தேடுங்கள்.

பெரும்பாலும் அது மருத்துவமனைக் காகிதத்திலிருந்து வந்திருக்கும். வலியில் துடிப்பவரைச் சேர்க்கும்போது பணியில் இருக்கும் இளம் மருத்துவர், "பிபி உண்டா? எவ்வளவு காலமாக?" என்று கேட்பார். பதற்றத்தில் நிற்கும் உறவினர் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறும், அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும். இதில் இன்னொரு வம்பும் உண்டு. ஆறு மாதத்தை "6/12" என்று, அதாவது பன்னிரண்டில் ஆறு பங்கு என்று எழுதும் சுருக்கம் மருத்துவர்களிடம் இருக்கிறது. தட்டச்சு செய்பவர் 6-ஐ மட்டும் பார்த்து "வருடம்" என்று அடித்துவிட்டால் கதை முடிந்தது. உங்கள் விஷயத்தில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையால் எழுதிய மூலப் பக்கத்தைப் பார்க்காமல் ஒரு வரி பதில்கூட எழுதாதீர்கள். கேஸ் ஷீட் முழுவதன் நகலையும் கேட்டு மருத்துவமனைக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள்.

அதில் தவறு இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியையே திருத்தி வாங்கிவிடலாம் என்று பலர் ஓடுவார்கள். செய்யாதீர்கள். பழைய பிரதி ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது. அதே தேதியில் வேறு விவரத்தோடு இன்னொன்று வந்தால், தவறு மருத்துவமனையுடையதாக இருந்தாலும் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். பழையது அப்படியே இருக்கட்டும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம், இன்ன இடத்தில் இன்ன பதிவு தவறு, சரியான காலம் இது என்று தனியாக ஒரு விளக்கக் கடிதம் வாங்குங்கள். அதோடு ரத்த அழுத்தத்துக்கு முதன்முதலாக எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையும் தேடி எடுங்கள். எல்லாவற்றையும்விடக் கனமான சான்று ஒன்று உண்டு: பாலிசி எடுத்த காலத்தை ஒட்டி அவர் அலுவலகத்திலோ வேறெங்கோ செய்துகொண்ட உடல் பரிசோதனையின் அறிக்கை. அதில் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பித்தப்பைக் கல்லுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அதை முதல் வாதமாக வைக்க வேண்டாம். இந்த விவரம் தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம், அல்லது கூடுதல் பிரீமியம் கேட்டிருப்போம் என்று நிறுவனம் பதில் சொல்லும். மறைக்கவே இல்லை என்பதுதான் உங்கள் முதல் வாதம். சம்பந்தமில்லை என்பது இரண்டாவது.

பாலிசி எடுக்கும்போது நிரப்பிக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். என்ன கேட்டார்கள், என்ன பதில் எழுதப்பட்டது, யார் கையெழுத்து? காப்பீட்டில் உண்மையைச் சொல்லும் கடமைக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு 1766-ல் லண்டனில் நடந்தது. சுமத்ராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையை அதன் ஆளுநர் கார்ட்டர், எதிரித் தாக்குதலுக்கு எதிராகக் காப்பீடு செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று காப்பீடு கொடுத்த போம் என்பவர் பணம் தர மறுத்தார். இரு தரப்பும் நேர்மையாக நடக்க வேண்டும் என்ற விதியை அழுத்தமாகச் சொன்ன நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, தீர்ப்பை ஆளுநருக்குச் சாதகமாகவே கொடுத்தார். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக் கூடியதைக் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர், பிறகு மறைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். உங்கள் படிவத்தில் ஏஜென்டே எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று டிக் அடித்திருந்தால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். "விட்டுவிடுங்கள்" என்று அவர் சொல்வதன் காரணமும் அதுவாக இருக்கலாம்.

மேல்முறையீட்டுக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எவ்வளவு கஷ்டப்பட்டோம், எத்தனை முறை போன் செய்தோம் என்பதெல்லாம் வேண்டாம். இப்படித் தொடங்குங்கள்: "உங்கள் நிராகரிப்புக் கடிதத்தில் கூறப்பட்டுள்ள ஒரே காரணம், ஆறு வருட ரத்த அழுத்தத்தை நாங்கள் மறைத்தோம் என்பது. அது உண்மையல்ல. முதல் மருந்துச் சீட்டு இணைப்பு 1-லும், மருத்துவரின் விளக்கம் இணைப்பு 2-லும் உள்ளன." முடிவில், எந்த ஆவணத்தின் அடிப்படையில் நிராகரித்தீர்கள், பாலிசியின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். மறைத்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கடிதம் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போகட்டும். நகல்களை மட்டும் அனுப்புங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்க வேண்டும்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கெடு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஆம்பட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பிரிட்டனில் நிறுவனத்துக்கு 8 வாரம் அவகாசம். அதன் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளுக்கு, நிராகரிப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். தம்பியின் கோர்ட் யோசனையை இதற்கெல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நிராகரிப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுபடியும் படியுங்கள். விவரத்தை மறைத்ததாகச் சொல்லும் நிறுவனங்கள் பாலிசியையே ரத்து செய்வதுண்டு. அப்படி இருந்தால் அதற்கும் சேர்த்தே மேல்முறையீடு செய்ய வேண்டும். இல்லையென்றால் கோபத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம் இப்போது உண்மையிலேயே இருக்கிறது. புதிய பாலிசிக்குப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். இடையில் பாதித் தொகைக்கு ஒரு காசோலை வரலாம். "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்ற ரசீதில் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்.

கடனைப் பொறுத்தவரை, இந்தப் பணம் வரவே வராது என்று வைத்துக்கொண்டு தவணையைத் திட்டமிடுங்கள். வந்தால் மொத்தமாக அடைத்துவிடலாம்.

கேஸ் ஷீட்டைப் பார்த்த பிறகு, பாலிசி எடுப்பதற்கு முந்தைய தேதியில் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு ஏதாவது அகப்பட்டால், மேலே சொன்ன கடிதத்தை அனுப்பாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள்.