அளவு நோட்டுக்குள் இருக்கும் வாடிக்கையாளர்கள்

கேள்வி: ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் முதல் மாடியில் ஐந்து ஆண்டுகளாகத் தையல் கடை நடத்துகிறேன். நானும் ஓர் உதவியாளரும் மட்டும்தான். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்கள் தூங்கக்கூட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் 40 ரவிக்கைகள் வந்தாலே அதிகம். லைனிங் வைத்த ரவிக்கைக்கு 70 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறேன். சென்ற மாதம் ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 800 வெள்ளி செலவழித்தேன். லைக் நிறைய வந்தது, ஆள் வரவில்லை. கூலியை 55 வெள்ளியாகக் குறைக்கலாமா? அல்லது கடன் வாங்கிக் கீழ்த்தளக் கடைக்கு வந்துவிடலாமா? அப்படி வந்தால் வாடகை மாதம் 1,200 வெள்ளி கூடும். – பினாங்கு வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, கூலியைக் குறைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம், இதை முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

லைனிங் துணி, கொக்கி, நூல், மின்சாரம் எல்லாம் சேர்ந்து ஒரு ரவிக்கைக்கு 15 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 வெள்ளி கூலியில் உங்கள் கையில் நிற்பது 55. மாதம் 40 ரவிக்கைக்கு 2,200 வெள்ளி. கூலியை 55 ஆக்கினால் கையில் நிற்பது 40 மட்டுமே. அதே 2,200 வெள்ளியைப் பார்க்க நீங்கள் 55 ரவிக்கைகள் தைக்க வேண்டும். கூடுதலாகப் பதினைந்து ரவிக்கைகளை வெட்டி, தைத்து, கை மடித்து, கொக்கி வைத்து முடித்தாலும் ஒரு வெள்ளிகூட அதிகம் கிடைக்காது. உங்கள் செலவு 15 வெள்ளி இல்லையென்றால் உங்கள் எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள். முடிவு பெரிதாக மாறாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அறுநூறு வெள்ளிப் பட்டுச் சேலையின் ரவிக்கைத் துணியைக் கையில் வைத்திருக்கும் பெண் 15 வெள்ளியை மிச்சம் பிடிக்கவா தையல்காரரைத் தேடுகிறார்? அவருடைய அச்சமெல்லாம் வேறு. துணி வீணாகிவிடுமோ, கைக்குழி இறுக்கிப் பிடிக்குமோ, சொன்ன நாளில் கிடைக்குமோ என்றுதான் அவர் தயங்குகிறார். அந்த அச்சத்தைப் போக்கும் கடைக்கு அவர் மாடிப்படியும் ஏறுவார், படகேறி பட்டர்வொர்த்திலிருந்தும் வருவார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தீபாவளி பற்றிய வரி. ஆறு வாரங்கள் அவ்வளவு கூட்டம் என்றால் பினாங்கில் உங்கள் கடை இருப்பது நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பொங்கல் வருகிறது, திருமணம் வருகிறது, பிள்ளையின் காதுகுத்து வருகிறது. அதற்கெல்லாம் அவர்கள் எங்கே தைக்கிறார்கள்? புதியவர்களைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். விடை உங்கள் அளவு நோட்டில் இருக்கிறது.

கடந்த இரண்டு ஆண்டு நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரே ஒரு முறை வந்து, பிறகு வராதவர்களின் பெயரைச் சுற்றி வட்டமிடுங்கள். அவர்களில் முப்பது பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். “ஏன் வருவதில்லை” என்று கேட்காதீர்கள். சங்கடப்பட்டு ஏதாவது சொல்லி வைத்துவிடுவார்கள். “அன்று தைத்த மயில்கழுத்துப் பச்சை ரவிக்கை எப்படி இருக்கிறது? கை தூக்கினால் பிடிக்கிறதா? தோள் நழுவுகிறதா?” என்று கேளுங்கள். குறை சொன்னால் எடுத்து வரச் சொல்லி, காசு வாங்காமல் சரிசெய்து கொடுங்கள். உள்ளே பிரித்துவிடத் துணி விட்டுத் தைத்திருப்பீர்கள் அல்லவா, அது இங்கேதான் பயன்படும். முப்பது அழைப்புகளுக்கு இரண்டு மாலைகள் போதும். எண்ணூறு வெள்ளி விளம்பரம் சொல்லாததை அந்த இரண்டு மாலைகள் சொல்லிவிடும்.

என் ஊகத்தையும் சொல்கிறேன். தீபாவளிக் கூட்டம் உங்களுக்கு வருமானம் தருகிறது. வாடிக்கையாளர்களை இழப்பதும் அதே வாரங்களில்தான். மற்ற கடைகள் “முடியாது” என்று திருப்பி அனுப்பியவர்கள் கடைசி நேரத்தில் உங்களிடம் வருகிறார்கள். நீங்கள் மனமிரங்கி வாங்கிக்கொள்கிறீர்கள். தூக்கமில்லாத கைகள் தைத்த ரவிக்கைதான் அந்தப் பெண்ணுக்கு உங்கள் தொழிலைப் பற்றிக் கிடைக்கும் ஒரே சாட்சி. அதுவும் இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த ரவிக்கைக்காக என் அம்மா ஒரு தையல் கடைக்கு மூன்று முறை அலைந்தார். விழா நாளன்று காலையில்தான், கொக்கி வைக்காமலே, அது கைக்கு வந்தது. மண்டபத்துக்குப் போகும் வேனில் உட்கார்ந்து அம்மாவே கொக்கிகளைத் தைத்தார். தையல் மிக அழகாக இருந்தது, இன்றும் சொல்வேன். ஆனாலும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை.

எனவே சுவரில் ஒரு பெரிய நாட்காட்டியை மாட்டுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளில் எத்தனை ரவிக்கைகளைத் திருத்தமாக முடிக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு மேல் ஒரு நாளின் கட்டத்தில் எழுதாதீர்கள். கட்டம் நிறைந்தால் அடுத்த நாளைச் சொல்லுங்கள். மலாய் தையல்காரர்கள் நோன்புப் பெருநாளுக்கு நெடுநாள் முன்பே “தெம்பாஹான் பெனோ”, அதாவது ஆர்டர் நிறைந்துவிட்டது என்று அறிவித்து வேலை வாங்குவதை நிறுத்திவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களும் தீபாவளிக்கு ஒரு கடைசித் தேதியை அறிவித்துவிடுங்கள். ஆடி மாதத்திலேயே துணி கொடுப்பவர்களுக்குச் சேலை ஃபால்ஸை (கீழ்க்கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டைத் துணி) இலவசமாக அடித்துத் தாருங்கள். கூலி குறையாமலே ஆறு வாரக் கூட்டத்தில் ஒரு பகுதி ஆடிக்கும் ஆவணிக்கும் நகர்ந்துவிடும்.

ஃபால்ஸ் என்றதும் உங்கள் தெரு நினைவுக்கு வருகிறது. சேலை விற்கும் கடைகள் நிறைந்த இடத்தில் இருக்கிறீர்கள். சேலையை வாங்கிக்கொண்டு படியிறங்கும் ஒவ்வொரு பெண்ணின் பையிலும் வெட்டாத ஒரு ரவிக்கைத் துணி இருக்கிறது. அந்தத் துணியோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் தைத்துக்கொள்வார். பாயான் லெப்பாஸிலிருந்தோ பட்டர்வொர்த்திலிருந்தோ வந்தவர் தைப்பதற்காக மட்டும் மறுபடி வந்து வண்டி நிறுத்த இடம் தேட விரும்பமாட்டார். ஆகவே அன்றைக்கே, அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவரை மாடிக்கு வரவைக்க வேண்டும். அதற்குத் தோதான வேலை ஃபால்ஸும் முந்தானைக் குஞ்சமும்தான். “ஃபால்ஸ் வேலை, காத்திருந்து வாங்கிச் செல்லலாம்” என்று ஓர் அட்டை அடித்து, அருகிலுள்ள மூன்று நான்கு சேலைக் கடைகளின் கல்லாவில் வைக்கக் கேளுங்கள். கடைக்காரருக்கும் அது நன்மைதான். “தைப்பதற்கு எங்கே போவது” என்று வாடிக்கையாளர் கேட்கும்போது சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. ஃபால்ஸுக்காக வந்தவர் சுவரில் தொங்கும் ரவிக்கைகளைப் பார்ப்பார், கழுத்து மாதிரிகளைத் தொட்டுப் பார்ப்பார். அப்போதே அளவு எடுத்துவிடுங்கள். மணப்பெண் அலங்காரம் செய்பவர்களையும் பரதநாட்டிய ஆசிரியைகளையும் இதே போலப் பழக்கம் செய்துகொள்ளலாம்.

துணியைத் திரும்பக் கொடுக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் எண்ணை அவர் தொலைபேசியில் அவர் கையாலேயே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை ஒரே செய்தியை அனுப்பலாம், ஆனால் உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பல கடைக்காரர்கள் இது தெரியாமல் மாதக்கணக்கில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். “ரவிக்கை முடிந்துவிட்டது” என்ற செய்தி, தைப்பூசத்துக்கு ஐந்து வாரம் முன்பு ஒரு நினைவூட்டல், தீபாவளிக் கடைசித் தேதி என்று இவ்வளவு போதும். காலை வணக்கப் படங்கள் வேண்டாம். செய்தி அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வாடிக்கையாளர் ரவிக்கை அணிந்த படத்தை அவர் அனுமதி இல்லாமல் எங்கும் போடாதீர்கள். 2010-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம். அளவு சொல்லி நின்ற பெண்ணுக்கு உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை அதைவிடப் பெரிய காரணம்.

அடுத்து கூகுள் மேப்ஸ். மாடிக் கடைக்கு இதுதான் வாசல். கடையைப் பதிந்து உறுதிப்படுத்துவதற்குக் கட்டணம் கிடையாது. தேடுபவருக்கு யாரை முதலில் காட்டுவது என்பதற்குக் கூகுள் பார்ப்பவை, தேடிய சொல்லோடு கடை எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பேர் அறிந்த கடை என்பவையே. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது, மற்ற இரண்டையும் முடியும். வகை என்ற இடத்தில் தையல் கடை என்றே தேர்ந்தெடுங்கள், துணிக்கடை என்று அல்ல. விவரத்தைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தையல் கடையை மலாயில் “கெடாய் ஜாஹிட்” என்று தேடுபவர்களும் இருப்பார்கள். தெருவிலிருந்து படிக்கட்டு எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அருகில் என்றால் கோயிலிலிருந்து எத்தனையாவது கடை என்றே சொல்லிவிடுங்கள். திருப்தியாக வாங்கிச் செல்பவரிடம் இரண்டு வரி எழுதும்படி கேளுங்கள். எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், அது கூகுள் விதிக்கு மாறானது.

காலியான மாதங்களுக்கு வருகிறேன். தைப்பூசம் தையில். பால்குடம் எடுக்கும் பெண்களுக்கு மஞ்சள் ரவிக்கை வேண்டும், பலர் பழையதையே இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறார்கள். மார்கழியிலேயே உங்கள் பட்டியலுக்கு இதைச் சொல்லுங்கள். நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் பண்டிகை. கடையில் வாங்கிய பாஜு கூரோங்கின் (மலாய்ப் பெண்களின் உடை) நீளத்தைக் குறைக்கவும் இடுப்பைப் பிடிக்கவும் அப்போது ஆள் தேடுவார்கள். சீனப் பெருநாளுக்கு முன்பும் அப்படியே. முழுத் தையல் தெரிந்த உங்களுக்கு ஆல்டர் வேலை சலிப்பாக இருக்கலாம். ஆனால் துணிச் செலவு நமக்கு இல்லை, அளவு எடுக்கும் நேரமும் இல்லை, பணம் அன்றே வந்துவிடும். உதவியாளரைப் பழக்க அதைவிட நல்ல வேலை கிடையாது.

சுற்றுலாப் பயணிகளை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைத் தளமான பிறகு உங்கள் தெருவில் கூட்டம் இருக்கிறதுதான். ஆனால் இரண்டு நாள் தங்குபவர் ரவிக்கை தைக்கமாட்டார்.

ஃபேஸ்புக் விளம்பரத்தை முழுவதும் ஒதுக்கச் சொல்லவில்லை. பதிவின் கீழே உள்ள “பூஸ்ட்” பொத்தானை அப்படியே அழுத்தியிருந்தால் லைக் போடக்கூடியவர்களைத் தேடி அது போயிருக்கும். லைக் வந்ததில் வியப்பில்லை. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வைக்கும் நோக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பினாங்குத் தீவையும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையையும் மட்டும் குறித்து, 100 வெள்ளிக்குச் செய்து பாருங்கள். வருபவரிடம் “எங்களை எப்படித் தெரியும்” என்று கேட்டு அளவு நோட்டில் ஓரமாக எழுதுங்கள். அதுவும் மேலே சொன்னவை மூன்று மாதம் ஓடிய பிறகுதான்.

கீழ்த்தளக் கடைக்கும் அதே கணக்கு. கூடுதல் வாடகை 1,200-ஐ ஒரு ரவிக்கையில் நிற்கும் 55-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22. கடன் தவணை தனி. வாடகைக்காக மட்டும் மாதம் 22 ரவிக்கைகள் கூடுதலாகத் தைக்க வேண்டும். இன்றைய 40-ஐ வைத்துக்கொண்டு அந்தச் சுமையை ஏற்காதீர்கள். தீபாவளி இல்லாத மாதங்களில் தொடர்ந்து 70 ரவிக்கைகள் வரட்டும், அப்போது மறுபடி எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை மாடியிலேயே இருங்கள். படிக்கட்டின் தொடக்கத்தில் நல்ல வெளிச்சமாக ஒரு விளக்குப் போடுங்கள். மாநகர் மன்றத்தில் அனுமதி வாங்கி, தேசிய மொழியையும் சேர்த்துக் கீழே ஒரு பெயர்ப்பலகை வையுங்கள். மரபுப் பகுதி என்பதால் அளவையும் இடத்தையும் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். படியேற முடியாத பெரியவர்கள் வந்தால் கீழிருந்தே அழைக்கும்படி அந்தப் பலகையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதி, நீங்களே அளவு நாடாவோடு இறங்கிப் போங்கள்.