காற்று வீசாத நாளில் கடல் பொங்குவது எப்படி?

"அலைதான் நகர்கிறது, நீர் நகர்வதில்லை என்று படித்தோம், அப்படியானால் காற்றே இல்லாத நாளில் வீட்டுச் சுவரை இடிக்கும் அலை எங்கிருந்து, எதைச் சுமந்துகொண்டு வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேரள எல்லையிலுள்ள நீரோடிக்கு அருகே கடற்கரை ஊரொன்றில் பிறந்து, இன்று மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, இது பாடநூலுக்கு முன்பே வீட்டு வாசலில் எழுந்த கேள்வி. எல்லைக்கு அப்பால் பொழியூரில் இருப்பவர்களைப் போல நாங்களும் காற்றில்லாமல் கடல் இப்படிப் பொங்குவதைக் கள்ளக்கடல் என்றே சொல்கிறோம். 2012இல் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது.

முதலில், வலையின் மிதவையைக் கவனியுங்கள். ஆழ்கடலில் முகடு (அலையின் உச்சி) வரும்போது அது உயர்ந்து சற்று முன்னே போகிறது. அகடு (இரு முகடுகளுக்கு இடையிலான பள்ளம்) வரும்போது தாழ்ந்து பின்னே வருகிறது. நீர்த்துகள் ஏறக்குறைய ஒரு வட்டத்தைச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்ப, கரையை நோக்கிப் பயணிப்பது ஆற்றல் மட்டுமே. ஆழம் கூடக்கூட இவ்வட்டம் சுருங்கி, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் அநேகமாக இல்லாமலே போகிறது.

அந்த ஆற்றல் புறப்படும் இடம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. அங்கு வீசும் புயற்காற்று பல அலைவு நேரங்கள் (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம்) கொண்ட அலைகளைக் கலந்தே எழுப்புகிறது. ஆனால் ஆழ்நீரில் அலைவு நேரம் நீண்ட அலைகளே விரைவாகச் செல்லும். 18 வினாடி அலைவு நேரமுள்ள அலையின் நீளம் சுமார் 500 மீட்டர். அதன் ஆற்றல் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 12 வினாடி அலைக்கு அது 34 கிலோமீட்டர்தான். ஆகவே 7,000 கிலோமீட்டர் தொலைவை முன்னது ஆறு நாள்களுக்குள் கடக்க, பின்னதற்கு ஒன்பது நாள்கள் ஆகின்றன. புயல் அங்கே அடங்கிய பிறகும், நம் வானம் தெளிந்திருக்கும்போதே, நீண்ட அலைகள் முந்திக்கொண்டு வந்து சேர்கின்றன.

கரை நெருங்கும்போது அலைவு நேரம் மாறுவதில்லை. மாறினால், வந்துசேரும் முகடுகளின் எண்ணிக்கைக்கும் கடந்துபோகும் முகடுகளின் எண்ணிக்கைக்கும் கணக்கு ஒத்துவராது. ஆழம் குறைவதால் வேகமும் அலைநீளமும் குறைகின்றன. பின்னால் வரும் ஆற்றல் அதே அளவில் வந்துகொண்டிருக்க, முன்னால் இருப்பது மெதுவாகச் செல்வதால், குறைந்த பரப்புக்குள் கூடுதல் ஆற்றல் சேர்ந்து அலை உயர்கிறது. உயரம், அடியிலுள்ள நீரின் ஆழத்தை நெருங்கும் நிலையில் அலை உடைகிறது. அதற்குப் பிறகு நீர் உண்மையாகவே கரைக்குள் ஓடுகிறது. உங்கள் பாடநூல் வாக்கியம் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது, சுவரை இடிப்பது இந்த ஓடும் நீர்தான்.

இதை நீங்களே அளக்கலாம். ஒரு முகடு உடையும் கணத்தில் கைப்பேசியின் நிறுத்து கடிகாரத்தைத் தொடங்கி, அதற்குப் பின் வரும் பத்தாவது முகட்டில் நிறுத்தி, கிடைத்த நேரத்தைப் பத்தால் வகுங்கள். (தொடங்கிய முகட்டையே ஒன்று என எண்ணி, ஒன்பது அலைவுகளைப் பத்தால் வகுத்துவிடுவது என் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.) அருகே வீசும் காற்று எழுப்பும் அலைகளுக்கு விடை பெரும்பாலும் ஏழெட்டு வினாடிக்குள் இருக்கும். காற்றில்லாத நாளில் அது 15 வினாடியைத் தாண்டி, அலைகளின் உயரமும் வர வரக் கூடினால், வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை) மையத்தின் கடலலை எச்சரிக்கையை உடனே பாருங்கள்.