முறைப்பை எடுத்துவிடுங்கள்

உங்கள் மாயநாட்டுக் கதையில் இரண்டு வீரர்கள் சத்திரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆனால் பதற்றமே வரவில்லை என்கிறீர்கள். கண்ணை விட்டுவிட்டுக் கால்களை எழுதிப் பாருங்கள். நான் தக்கலைக்காரன், சின்ன வயதில் கொஞ்சநாள் எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை படித்தேன் (பாதியில் விட்டவன்தான்). எங்கள் ஆசான் முதலில் பார்ப்பது எதிராளியின் சுவடு, அதாவது கால் வைத்து நிற்கும் விதம், உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதுதான். உடலில் அடிபட்டால் ஆபத்தான வர்மப் புள்ளிகள் 108, அதில் உயிருக்கே உலை வைக்கும் படுவர்மம் 12. இதெல்லாம் தெரிந்த இருவர் வீணாகக் கை ஓங்க மாட்டார்கள்; சின்னச் சின்ன அசைவிலேயே ஒருவரையொருவர் அளந்துகொள்வார்கள்.

ஒருவன் தண்ணீர்ச் செம்பை இடது கைக்கு மாற்றட்டும். மற்றவன் சிரித்துக்கொண்டே அரையடி விலகி, தோளை லேசாகத் திருப்பட்டும். செம்பு மறுபடி வலது கைக்கு வரட்டும். சத்திரத்துப் பையன் ஒன்றும் புரியாமல் இலை போட்டுக்கொண்டிருக்கட்டும். அப்புறம், உங்கள் கதையில் வரும் அந்த 'கண்களில் தீப்பொறி' வரியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.