'நானக்' என்று முடியும் பாடல்கள் எல்லாம் குருநானக் பாடியவையா?

வாட்ஸப்பில் வந்த ஏதோ படத்தைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லை. முத்திரை (பாடலுக்குள் வரும் கையெழுத்துப் பெயர்) ஒன்று, பாடியவர்கள் வேறு. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் முதல் ஐந்து குருமார்களும் ஒன்பதாவது குரு தேக் பகதூரும் பாடியிருக்கிறார்கள். ஆறு பேருக்கும் முத்திரை 'நானக்' தான். பாடலுக்கு மேலே 'மஹலா' என்று போட்டு ஓர் எண் இருக்கும். 1 என்றால் குருநானக். சுக்மணி என்ற நீண்ட பாடலுக்கு 5, அதாவது ஐந்தாவது குரு அர்ஜன்.

இதை எனக்குக் காட்டியவர் டில்லியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர்கள் வீட்டில் அகண்ட பாடம், அதாவது அந்த நூல் முழுவதையும் வாசிப்பது, நடந்தது. 48 மணி நேரம் விடாமல் வாசித்து முடிக்கும் தறுவாயில் ஒரு சுலோக வரிசை வந்தது, கூடம் முழுக்கச் சேர்ந்து சொன்னது. பாட்டி துணியில் சுற்றிய குட்காவை (சிறிய பிரார்த்தனைப் புத்தகம்) பிரித்து, தலைப்பில் இருந்த 9 மேல் விரலை வைத்து, "பேட்டா, இது நவம் குரு" என்றார். யாரையும் அச்சுறுத்தாதவன், யாருக்கும் அஞ்சாதவன், அவனே ஞானி என்று ஒரு சுலோகம் அதில் உண்டு. 1675ல் ஔரங்கசீப் ஆணைப்படி சாந்தினி சௌக்கில் தலை வெட்டப்பட்டவர் பாடியது என்று தெரிந்து கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

அதே வரியை 'குருநானக் பொன்மொழி' என்று போட்ட காலண்டர் எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கியது. சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதானே சார்" என்றார்கள். பத்து குருமார்களிலும் ஒரே ஜோதி என்பது சீக்கியர் நம்பிக்கை, அதை நான் மறுக்கவில்லை. நான் சீக்கியனும் இல்லை, பாடம் எடுக்கவும் வரவில்லை. ஆனால் ஒன்பதாவது குருவின் பாடல்கள் சேர்வதற்கு முன்பே, 1604ல் முதலில் தொகுத்த குரு அர்ஜனே எண் போட்டுத்தானே வைத்தார்? நாம் ஏன் அழிக்க வேண்டும்?

இன்னொரு வருத்தம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைப் பங்களா சாகிப் குருத்வாராவுக்குக் கூட்டிப்போனால் லங்கரில் (இலவசப் பொது உணவு) சாப்பிட்டு, குளத்தருகே போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே நடக்கும் கீர்த்தனையை ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்க ஆளில்லை.

குருமார்கள் அல்லாத அருளாளர்களின் பாடல்களும் நூலில் உண்டு. கபீர், நாமதேவர் பாடல்களில் பெரும்பாலும் அவரவர் பெயரே இருக்கும். ஷேக் ஃபரீதின் சுலோகங்களில் கவனம் தேவை. அவருக்குப் பதில் சொல்வதுபோல் குருமார்களின் சுலோகங்கள் நடுநடுவே வரும். அங்கே மஹலா எண்ணைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.