தம்பிக்குக் கொடுத்த நான்கு லட்சம்

கேள்வி: கணவர் இறந்தபின் வந்த பணத்திலிருந்து, கடை வைக்கத் தம்பிக்கு நான்கு லட்சம் ரூபாய் வங்கி மூலம் அனுப்பினேன். எதுவும் எழுதி வாங்கவில்லை. இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது. கேட்டால், "இப்போது என்ன அவசரம் அக்கா?" என்கிறான். போலீஸுக்குப் போகலாமா? வழக்கு என்றால் அம்மா தாங்க மாட்டார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, அவசரம் இருக்கிறது. நாள் குறிக்காமல் கொடுத்த கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். உங்களுக்கு மிச்சம் நான்கே மாதம். வீட்டில் பேச்சு நடக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கு நிற்காது.

போலீஸ் வேண்டாம். வாங்கிய கடனைத் தராதது மட்டுமே குற்றமாகிவிடாது. இது சிவில் நீதிமன்றத்துக்குரிய விஷயம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பணம் போனதற்கு வங்கிக் கணக்கு சாட்சி சொல்லும். அது கடன் என்று சொல்லாது. "அக்கா அன்பாகக் கொடுத்தது" என்று அவர் நாளைக்குச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஆகவே, "பொங்கலுக்குள் தந்துவிடுகிறேன்" என்பதுபோல் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள்.

இந்த வாரமே அவரிடம் ஒரு புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு, கேளுங்கள். தொகை, வட்டி, தேதி எல்லாம் நிரப்பி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். அம்மாவை அருகில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அம்மாவுக்காக நீங்கள் பொறுத்திருந்ததை அவரும் அறியட்டும்.

மறுத்தால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருகிறார்கள், தொலைபேசி 15100. வழக்குக்கு முன்பே, சமரசமாகப் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) தம்பியை அழைத்துப் பேச முடியும். கட்டணம் இல்லை. அங்கே மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அம்மாவுக்குப் பயந்து நீங்கள் தவிர்க்கும் கூண்டும் குறுக்கு விசாரணையும் இங்கே இல்லை.

அவர் வராவிட்டால், வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு வழக்கு. நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மூன்று ரூபாய். இலவசச் சட்ட உதவி கிடைத்தால் அதுவும் உங்கள் மேல் விழாது. பணம் அனுப்பிய தேதியை இன்றே பாஸ்புக்கில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.